காதுக்கு எலும்பு கிடையாது

"கண்ணாடி வேண்டாம்" என்றார் அருங்காட்சியகத்தின் புதிய இயக்குநர்.

மேசைமேல் அந்தப் பெண்ணின் தலை. அகழாய்வில் கிடைத்த மண்டை ஓட்டைப் பிரதியெடுத்து, அதன்மேல் சிலிக்கோனில் முகம் கட்டியிருந்தார் சிற்பி. இரண்டாயிரம் வயது முகம். நாளை காட்சிக்கூடத் திறப்பு.

"கண்ணாடிக்குள்ள வெச்சா பிள்ளைங்க ஒரு பார்வை பார்த்துட்டு நேரா கேன்டீனுக்குப் போயிடும் தம்பி. தொட்டுப் பார்க்கட்டும். கன்னத்தைக் கிள்ளட்டும்."

அழுக்குப் படியும் என்றேன். கிழியும் என்றேன்.

"கிழிஞ்சா என்ன, அச்சு இருக்குல்ல? இன்னொண்ணு வார்த்துக்கலாம்."

பற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்று. எல்லோர் வாயிலும் எவ்வளவு சுலபமாக வருகிறது இந்தச் சொல்.

அவர் அந்தக் காதைப் பிடித்துத் திருகி இழுத்துக் காட்டினார். "பாருங்க, ரப்பர் மாதிரி. ஒண்ணும் ஆகாது."

கையைத் தட்டிவிட்டேன். ஓங்கியே.

மணிக்கட்டைத் தடவிக்கொண்டு என்னை முறைத்தார். "ஒரு பொம்மைக்கா தம்பி இவ்வளவு ரோஷம்?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று நின்றேன்.

சிற்பிதான் ஒரு துணியை எடுத்துக் காதைத் துடைத்தார்.

"சார், மண்டை ஓட்டை வெச்சு மூக்கு, தாடையெல்லாம் ஓரளவு ஊகிச்சிரலாம். காதுக்கு எலும்பு கிடையாது. யாரோட காதையாவது அச்சு எடுத்துத்தான் வைக்கணும். ஒருநாள் இந்த அண்ணனைக் கூட்டிட்டுப் போக அண்ணி வந்திருந்தாங்க. உட்கார வெச்சு எடுத்தேன்."

என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "‘புருஷன் பேச்சைக் கேட்காத காதுன்னு கீழ எழுதி வைங்க’ன்னாங்க."

இயக்குநர் காதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தச்சரைக் கூப்பிட்டு, கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

"முதல்லயே சொல்றதுக்கு என்ன? பெரிய கோபக்காரர்தான். நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க தம்பி, முன்வரிசையில உட்கார வைப்போம்."

துடைத்துக்கொண்டிருந்த சிற்பியின் கை நின்றது.

தச்சர் பெட்டியைத் தலைக்கு நேர்மேலே தூக்கிப் பிடித்தார்.

"மூடிரலாமா சார்?"

கோடையில், மருத்துவமனையில், அவள் முகத்தருகே வெள்ளைத் துணியின் நுனியைப் பிடித்தபடி ஒருவர் இதையேதான் கேட்டார். அன்று தலையாட்டிவிட்டேன்.

"இருங்க" என்றேன் தச்சரிடம்.