"தலை வலிக்குதா, செல்லம்?"

பாராஹோனா கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, எலிஹியோவும் மகள் மைரெலியும் விழுந்தார்கள். அவளுக்கு நெற்றியில் சிராய்ப்பு. அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். "தலை வலிக்குதா, செல்லம்? வாந்தி வருதா?"

"இல்லப்பா." வறுத்த வாழைக்காயை மென்றபடியே சொன்னாள்.

சற்று நேரத்தில் மறுபடியும், "தலை வலிக்குதா, செல்லம்? வாந்தி வருதா?"

மனைவி நூரிஸ் சிரித்தாள். "எத்தனை தடவைதான்யா கேப்ப? புள்ள ரெண்டாவது தட்டு சாப்பிடுறா!"

"இப்பத்தானே முதல் தடவை கேக்குறேன்?"

"போதும், நடிக்காத."

அவன் நச்சரிப்பு தாங்காமல், மாலையில் மகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் நன்றாகப் பரிசோதித்தார்.

"பொண்ணுக்கு ஒண்ணுமில்ல."

"அவளுக்குத் தலை வலிக்குதா, டாக்டர்?" என்றான் எலிஹியோ. பதில் சொன்ன பிறகும் அதையே கேட்டான்.

டாக்டர் டார்ச்சை அவன் கண்ணில் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இவரு எப்பலேருந்தும்மா கேட்டதையே கேக்குறாரு?"

"காலையில... விழுந்ததுலேருந்து" என்றாள் நூரிஸ். சொல்லும்போதே குரல் உடைந்தது.

மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அறுவை சிகிச்சையில் பிழைத்துக்கொண்டான். பேச்சு பாதிதான் திரும்பியது.

"கூடவே இருந்தேன், சிரிச்சிட்டு இருந்துட்டேனே" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள் நூரிஸ்.