வெள்ளை உடையில் வந்தவர்கள்

"காலேஜ்ல சொராரிட்டின்னு பொண்ணுங்க சங்கம் வெச்சு ஆடித் திரிஞ்சவளா? அதெல்லாம் குடும்பத்துக்கு ஆகாதுடா. ஒரு கஷ்டம்னா விட்டுட்டுப் போயிடுவாளுங்க" என்றார் வெண்டல்.

மகன் மாலிக் அம்மாவைப் பார்த்தான். பக்கவாதத்தில் விழுந்த கணவருக்கு நான்கு வருடமாகக் கஞ்சி ஊட்டிவரும் லொரெய்ன் அடுத்த கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனாள். மாலிக் தான் காதலித்த அந்தப் பெண்ணை விட்டு விலகினான்.

மறுவருடம் லொரெய்ன் மாரடைப்பில் இறந்தாள். மான்ட்கோமரி தேவாலயத்தில், வெள்ளை உடை அணிந்த இருபது பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி நின்று பாடினார்கள்.

"நீங்கல்லாம் யாரும்மா?" என்றார் சக்கர நாற்காலியில் இருந்த வெண்டல்.

"லொரெய்னும் நாங்களும் ஒரே சொராரிட்டி. முப்பது வருஷமா மாசாமாசம் சந்திப்போம். உங்களுக்குப் பிடிக்காதுன்னு வீட்டுக்கு மட்டும் வர வேணாம்னு சொல்லுவா."

வெண்டல் மகனின் கையைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடுடா."

"போன மாசம் அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா."