கெமர் மொழியில் ஒரு சொல்

பாலாஜி மறுநாள் கம்போடியாவுக்குக் கிளம்புகிறான். கம்ப்யூட்டர் வேலை. அங்கே ஒரு வருடம் இருந்துவிட்டு வந்த நண்பன் மதியழகன் பாலாஜியின் ஊரான ரெட்டிபாளையத்துக்கே வந்து, அந்நாட்டுக் கெமர் மக்களின் பழக்கவழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தான்.

“நம்மள மாதிரியே கையெடுத்துக் கும்பிடுவாங்க. சம வயசுன்னா நெஞ்சுக்கு நேரா, முதலாளின்னா வாய்க்கு நேரா. சின்னப் புள்ளையா இருந்தாலும் தலையத் தொட்டுடாத.”

“பாஷை?”

“‘சோம் தோஹ்’. மன்னிச்சிடுங்கன்னு அர்த்தம்.” அதைப் பாலாஜியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தான் மதியழகன்.

“தப்பே பண்ணலன்னா?” என்று சிரித்தாள் பாலாஜியின் மனைவி சத்யா.

“அப்பவும் சொல்லணும்மா.”

“சரிண்ணே, நன்றிக்கு என்ன சொல்லுவாங்க?”

மதியழகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அது தெரியலம்மா. சொல்ற மாதிரி ஒரு சமயம் வரவே இல்ல.”

சத்யாவின் சிரிப்பு நின்றது. பாலாஜி மட்டும் கைகளைக் குவித்து, வாய்க்கு நேராக உயர்த்திப் பழகிக்கொண்டிருந்தான்.

தெருமுனை திரும்பியதும் மதியழகன் கம்போடியாவுக்குப் போன் போட்டான்.

“சார், எனக்குப் பதிலா ஒரு ஆளு நாளைக்கு வர்றான். நீங்க ஈடா புடிச்சு வச்சிருக்கிற என் தம்பிய விட்டுடுங்க.”