நாலும் இருபத்தொன்பதும்

இதை எனக்கு முதலில் சொன்னவள் ரோஸ்-எமே. போன தவக்காலத்தில் கோயில் சமையலறையில் இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவள் வேலை செய்யும் நண்டுத் தொழிற்சாலையில், அவள் நிற்கும் அதே மேஜையில் நடந்தது.

"திருடி! என் பேர்ல கை வைக்கிறா பாருங்க!"

ஒடெட் போட்ட கூச்சலில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. தெரேஸின் விரல் இன்னும் எடை மெஷினின் திரை மேலேயே இருந்தது.

அந்த வருஷம்தான் தொடுதிரை வைத்த புது எடை மெஷின் வந்திருந்தது. நண்டுக்கால் அடுக்கிய தட்டை வைத்து, திரையில் அவரவர் பெயரைத் தொட வேண்டும். எடை அந்தப் பெயரில் ஏறும். போதாவிட்டால் சாயங்காலம் பெயர் சிவப்பாகிவிடும். மூன்று நாள் சிவப்பு விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒடெட்டால் வீட்டுக்குப் போக முடியாது. இன்னும் நாற்பது மணி நேரம் வேலை செய்தால்தான் அவளுக்குக் குளிர்காலத்து அரசாங்கப் பணம். கடல் உறைந்துவிட்டால் எங்கள் பக்கம் வேறு பிழைப்பு கிடையாது. இந்த நேரம் பார்த்து வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

"திங்கள்கிழமையிலேருந்து எனக்குக் கையே வரல. அப்படியும் என் பேரு பச்சையாவே இருக்கு. புனித அன்னம்மாளுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன், அவதான் காப்பாத்தறான்னு இருந்தேன். இவ என்னடான்னா என் எடையை அழிக்கிறா!"

தெரேஸ் விரலை எடுத்துவிட்டு அடுத்த தட்டில் நண்டுக்கால் அடுக்க ஆரம்பித்தாள். அந்த மேஜையிலேயே வேகமான கை அவளுடையது. சிரிக்க மட்டும் அந்த முகத்துக்குத் தெரியாது. ஒடெட்டின் நாய் கோயில் வாசலில் தெரேஸின் புதுத் தொப்பியைக் கடித்துக் குதறியதிலிருந்து, பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

"தொப்பிக்குப் பழி வாங்கறியா? வாயைத் தொறந்து சொல்லேன்டி!"

"நாலு! இருபத்தொன்பது! என்ன கலாட்டா அங்க?"

மேற்பார்வையாளர் நோர்மன் வந்தான். பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். ஏப்ரனில் தைத்த நம்பர்தான். யாராவது கை கழுவப் போனால்கூட கடிகாரத்தோடு பின்னால் நிற்பான்.

"என் பேர்ல ஏறினதை எல்லாம் எடு. எல்லார் முன்னாடியும் படி!" என்றாள் ஒடெட்.

"வேண்டாம் நாலு. போய் வேலையைப் பாரு."

"ஏன் வேண்டாம்? நீயும் இவகூடக் கூட்டா?"

மாடியில் கண்ணாடி அறைக் கதவு திறந்தது. மாங்க்டன் நகரத்திலிருந்து வந்திருந்த மானேஜர் இறங்கி வந்தார்.

"கேக்கறாங்க இல்ல? படி நோர்மன்."

நோர்மன் திரையைத் தொட்டான். "ஒடெட். எட்டு பத்துக்கு ஒரு தட்டு. எட்டே முக்காலுக்கு ஒரு தட்டு. அப்புறம்..."

நின்றுவிட்டான்.

"ம், படி."

"ஒன்பது இருபதுக்கு ஒண்ணு. ஒன்பது இருபத்தாறுக்கு ஒண்ணு. ஒன்பது முப்பத்திரண்டுக்கு ஒண்ணு."

ஒன்பது இருபதிலிருந்து கால் மணி நேரம் ஒடெட் குழாயடியில் மணிக்கட்டைக் குளிர்ந்த தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள்.

எடை கூடியிருந்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை.

மெஷினுக்கு மேல் ஒட்டியிருந்த அறிவிப்பை அவள் கண் தேடிப் போனது. அடுத்தவர் பெயரில் தட்டு வைத்தால் வைத்தவருக்கும், பெயருக்கு உரியவருக்கும் அன்றே கடைசி நாள்.

"ஒன்பதரைக்கு நீ குழாய்கிட்ட இல்ல நின்னே? மேலேருந்து பாத்தேனே," என்றார் மானேஜர். "அப்ப இந்தத் தட்டையெல்லாம் வச்சது யாரு?"

ரோஸ்-எமே கையுறையோடு சிலுவை போட்டுக்கொண்டாளாம்.

"ஈரக் கையுறை சார்," என்றான் நோர்மன். "ரெண்டு பேரு பேரும் திரையில பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணுல விழுந்துடுது. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

மானேஜர் குனிந்து பார்த்தார். தெரேஸ் பெயரும் ஒடெட் பெயரும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. நடுவில் விரல் வைக்க இடமில்லை.

"புகார் சொன்னது நீதானே? நீ என்ன சொல்றே?"

ஒடெட் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தெரேஸை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் சார் தப்பாப் பாத்துட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"இனிமே பாத்துத் தொடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போனார்.

கதவு சாத்தியதும் தெரேஸ் வாயைத் திறந்தாள்.

"உன் நாய் இன்னும் உயிரோட இருக்கா?"

"செத்துப் போச்சு."

"நல்லது," என்று அடுத்த தட்டை எடுத்தாள்.

ஒடெட் நாற்பது மணி நேரத்தையும் முடித்தாள். அவள் பெயர் ஒரு நாள்கூடச் சிவப்பாகவில்லை.

"மெஷின் கோளாறு நல்ல வேளைக்கு வந்துது," என்றேன் நான்.

ரோஸ்-எமே கத்தியைக் கீழே வைத்தாள்.

"கோளாறாவது! திரையில பேரெல்லாம் ஏப்ரன் நம்பர் வரிசையிலதான் இருக்கும். திங்கக்கிழமை காலையில ஒடெட் நாலு, மேல் மூலையில; தெரேஸ் இருபத்தொன்பது, கீழ் மூலையில. சாயங்காலம் பாத்தா ரெண்டும் பக்கத்துல. அதை மாத்தற ரகசிய எண் தெரிஞ்சவன் நோர்மன் ஒருத்தன்தான்."

நீங்கள் மாங்க்டன் பக்கம் போய், அந்த மானேஜரைப் பார்க்க நேர்ந்தால், ஏப்ரன் நம்பரைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்.