ஜியாக்ரபி என்ன விலை?

“கோவிந்தராசு பேச ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிறவன் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எழுந்திருப்பான். பயப்படாமப் போ” என்று சொல்லித்தான் பிரபாவை விருத்தாசலத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

பிரபா, ஓர் இன்ஜினியரிங் காலேஜின் அட்மிஷன் ஆபீசர். அந்த 2004 ஜூலையில் காலேஜில் ஐம்பது சீட்டு காலி. ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு சீட்டாவது நிரம்பாவிட்டால் பிரபாவின் சீட்டும் காலி.

கழுத்தில் டை, வாடகைக் கார், பக்கத்தில் ஏஜெண்டு கோவிந்தராசு. முதல் வீடே விருத்தாம்பாள் வீடு. பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறவர். ஒரே பெண் வெண்பா, பிளஸ் டூவில் நல்ல மார்க்.

“கவர்மெண்டு காலேஜுல ஜியாக்ரபி கெடச்சிருக்குதுண்ணே. அதுலதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. எங்களுக்கு என்னா தெரியும்? அது படிச்சா நாலு காசு வருமான்னு நீங்களே சொல்லுங்க. இன்ஜினியருன்னா ஒரு காணி நெலம் இருக்குது, வித்துடலாம்” என்றார் விருத்தாம்பாள்.

பிரபாவுக்கு மனசுக்குள் விசில் அடித்தது. பாதி வேலையை அந்தம்மாவே முடித்துவிட்டார்.

கோவிந்தராசு முகத்தைச் சுளித்தார். “ஜியாக்ரபியா? வருஷத்துக்கு ஆயிரம் ரூபாகூட ஃபீஸு கெடையாது தங்கச்சி. ஒரு நல்ல பொடவை வாங்க முடியுமா அந்தக் காசுல? அதெல்லாம் ஒரு படிப்பா?”

“ஆயிரம்தானா?” விருத்தாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதுலயும் ஸ்காலர்ஷிப்புன்னு பாதியைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. கேவலம்! ஹாஸ்டலு கெடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் பொண்ணு வூட்டுக்கு வந்துடும். தெனமும் அது மூஞ்சியையே நீ பாத்துக்கிட்டு இருக்கணும்.”

பிரபா லேசாகச் செருமினான்.

“படிச்சு முடிச்சா, அண்ணே?”

“முடிச்சா என்னா? பி.எட். படிக்கணும். அப்புறம் பரீட்சை எழுதணும். பாஸ் பண்ணா ஸ்கூலு டீச்சரு. மாசம் பொறந்தா சம்பளம், கோடை வந்தா லீவு, அம்பத்தெட்டு வயசு வரைக்கும் எவனும் வேலையை வுட்டுத் தூக்க மாட்டான். சலிச்சுப் போயிடும் தங்கச்சி!”

“பாஸ் பண்ணலன்னா?”

“காணி நெலம் அப்பிடியே கெடக்கும். அதை வச்சுக்கிட்டு என்னா பண்ணப் போற? எங்க படிப்பைப் பாரு. நாலு வருஷத்துக்கு மூணு லட்சம்! நெலத்தை வித்தாலும் பத்தாது, மேக்கொண்டு கடன் வாங்கணும். அப்ப எம்மாம் பெரிய படிப்புன்னு யோசிச்சுக்க.”

நிலைமை கைமீறுவதைப் பார்த்துப் பிரபா குறுக்கே புகுந்தான். “ஹண்ட்ரட் பர்சென்ட் வேலைம்மா. கேரண்டி.”

“சார் சொல்றது சத்தியம்” என்றார் கோவிந்தராசு. “போன வருஷம் முடிச்ச நூத்திருவது பேர்ல பதினோரு பேருக்கு ஒடனே வேலை. மிச்சப் பேரு மெட்ராஸுல ஒரே ரூமுல எட்டெட்டு பேரா தங்கித் தேடிக்கிட்டு இருக்காங்க.”

பிரபா அவர் காலை மிதித்தான்.

“எதுக்கு சார் மிதிக்கிறீங்க?” என்று சத்தமாகக் கேட்டார் கோவிந்தராசு.

உள்ளே வெண்பா களுக்கென்று சிரிப்பது கேட்டது.

பிரபா அவசரமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “அம்மா, நானே அந்தக் காலேஜுல படிச்சவன்தான்.”

“அப்பிடியா தம்பி!” விருத்தாம்பாளுக்கு மரியாதை கூடிவிட்டது. “இப்ப எங்க இன்ஜினியரா இருக்கீங்க?”

“அந்தக் காலேஜுலயேதான்.”

“அங்க கட்டடம் கட்டுறீங்களா?”

“இல்லம்மா.” டையைத் தளர்த்திக்கொண்டான். “ஆள் சேக்குறேன்.”

விருத்தாம்பாள் எழுந்துபோய் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

“கோச்சுக்காதீங்கண்ணே. நீங்க இவ்ளோ தூரம் எடுத்துச் சொல்லியும் எனக்கு மனசு வரல. எங்க வசதிக்கு அந்த மட்டமான ஜியாக்ரபியே போதும்.”

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் பிரபா வெடித்தான்.

“நெலத்தை விக்கத் தயாரா இருந்தாங்கய்யா! நீங்க சும்மா இருந்திருந்தாலே சேர்ந்திருப்பாங்க. வாயைத் தொறந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை உருப்படியா வந்துச்சா? வயசாயிட்டா வூட்டுல இருக்க வேண்டியதுதானே? நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்.”

“சரிங்க சார்.”

வருத்தமோ கோபமோ இல்லாமல் அவர் அப்படிச் சொன்னது பிரபாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு வந்ததும் காரை நிறுத்தச் சொன்னான்.

இறங்கிய கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“சாருக்கு வேப்பூர் பக்கம்தானே? சாமிதுரை மவன்?”

“ஆமா. எங்கப்பாவைத் தெரியுமா?”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்க சீட்டுக்காக அவரோட ரெண்டு காணியை விக்க வச்ச ஏஜெண்டு நான்தான். அன்னிக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பா வரல, தம்பி.”