காதைத் தொடும் தோள்

தகட்டிலிருந்து ஈரத்தாளை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்ததும் கெர்பிராந்த் வாய்விட்டுச் சிரித்தார்.

ஜோரிசுக்கு உயிர் வந்தது. ஆம்ஸ்டர்டாம் படக்கடை முதலாளி சிரித்துவிட்டால், ஹார்லெமில் செப்புத்தகடு கீறிப் பிழைக்கிறவனுக்குக் குளிர்காலம் கழிந்த மாதிரி.

புருஷனை அடிக்கும் பெண்டாட்டி. சந்தையில் எந்தக் காலத்திலும் கிராக்கி குறையாத படம்.

வலது மேல்மூலையிலிருந்து துடைப்பக்கட்டை ஒன்று தாள் முழுவதையும் குறுக்காக வெட்டிக்கொண்டு இறங்கியது. இடது கீழ்மூலையில் புருஷன். ஜன்னலுக்கு வெளியே பல்லைக் காட்டும் அக்கம்பக்கத்தார்.

கெர்பிராந்த் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மத்தவங்க போடுற புருஷன் கையைக் காலை உதறிக்கிட்டுக் கத்துவான். உன் ஆளு ஏம்பா வாயே திறக்கல? கட்டையைக்கூட நிமிர்ந்து பாக்கல, தரையையே பாக்குறான்."



முதலாளியின் நகம் அந்த மனிதனின் தோளில் வந்து நின்றது. கட்டை இன்னும் காற்றில்தான் இருந்தது. அதற்குள் தோள் காதுவரை ஏறியிருந்தது. அதன் பின்னால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், அமிலம் தகட்டையே தின்றுவிடும் அளவுக்கு நெருக்கமாக.

"இங்க வந்ததும் சிரிப்பு நின்னுபோகுது."

"அழிச்சிடுறேன் முதலாளி. கையைத் தூக்கிக் கத்துற மாதிரி போட்டுடுறேன்."

ஜோரிஸ் கோடுகளைத் தேய்த்தழிக்கும் எஃகை எடுத்துத் தகட்டில் வைத்தான்.

மாடிப்படியில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது.

எஃகு நின்றுவிட்டது. ஜோரிஸ் படியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

கெர்பிராந்த் இப்போது படத்தைப் பார்க்கவில்லை, ஜோரிசின் தோளைப் பார்த்தார்.

"வாங்க ஐயா, ஒரு வாய் பீர் குடிச்சிட்டுத்தான் போகணும்." ஜோரிசின் மனைவி ஹில்லே சிரித்த முகத்தோடு குவளையை மேசையில் வைத்தாள். தாளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அவள் கை செல்லமாகக் கணவனின் பிடரியில் படிந்தது.

"யாரைப் பாத்துப் போட்ட, ஜோரிஸ்?"

சுவரோரக் கொடியில் காய்ந்த தாள்கள் சரசரத்தன.

"என்னைத்தாம்மா," என்றார் கெர்பிராந்த். "என் வீட்டுக்காரி கையால நான் வாங்கினது. வெக்கத்தை விட்டு நான் சொல்லச் சொல்ல இவன் போட்டான்."

பதினைந்து வருடப் பழக்கத்தில் அவருக்கு வீட்டுக்காரி இருப்பதாக ஜோரிஸ் கேள்விப்பட்டதே இல்லை.

ஹில்லே முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தாள். கை பிடரியை விட்டது.

"தகட்டுல இன்னும் நிறைய வேலை கிடக்கும்மா. என் பட்டறையில வெச்சுத்தான் செய்யணும். மதியப் படகுக்கே இவனைக் கூட்டிட்டுப் போறேன். திரும்பி வர எத்தனை நாளாகும்னு இப்பச் சொல்ல முடியாது."

அவள் யோசித்து முடிப்பதற்குள் கோட்டை எடுத்து ஜோரிசின் தோளில் போட்டு, வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

இருவரும் படகுத்துறைக்கு வந்து படகில் ஏறினார்கள். கரையில் குதிரை படகின் கயிற்றை இழுத்தது, படகு நகர்ந்தது. அப்போதுதான் ஜோரிஸ் பதறி எழுந்தான்.

"முதலாளி! தகட்டை மேசையிலேயே விட்டுட்டு வந்துட்டோம்!"

கெர்பிராந்த் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அதுலதான் வேலை ஒண்ணும் பாக்கி இல்லையேப்பா. உக்காரு."