மொடாக்குடி வண்டி

"டர்போவா, டர்போ இல்லாததா? எது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்னு சொல்லுண்ணே," என்று மூன்றாவது முறையாகக் கேட்டான் ருஜேரோ.

மொதெனா நகரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்கும் ஒரெஸ்தேவுக்கு அலுத்துவிட்டது.

"டர்போ இல்லாதது எப்படி ஓட்டினாலும் நல்லாவே குடிக்கும். டர்போ, மெதுவா ஓட்டினா சாது, மிதிச்சா மொடாக்குடி. இவ்வளவு கஞ்சனுக்கு எதுக்குடா ஸ்போர்ட்ஸ் கார்? சைக்கிள் வாங்கு!"

ருஜேரோ தனக்குள் சிரித்தபடி டர்போவை வாங்கினான்.

இரண்டு வாரம் கழித்து, மலைச்சாலையில் மூடுபனி இறங்கியிருந்தது. வண்டி மேகத்துக்குள் மிதப்பதுபோல் போனது. மிதிக்க வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

கணவாயின் உச்சியில் பெட்ரோல் பங்க். நாமே நிரப்பிக்கொண்டால் விலை குறைவு. கஞ்சன் ருஜேரோ, ஆள் நிரப்பித் தரும் பக்கம் போய் நின்றான். பியாமெத்தா குழாயோடு வந்தாள். அவளோடு பேச அவனுக்கிருந்த ஒரே சாக்கு காலி டேங்க்தான்.

குழாய் உடனே 'டக்'கென்று நின்றது.

"போன வாரம் போட்டதே தீரலையே!"

"டர்போ நிறையக் குடிக்கும்னு சொன்னாங்க..."

"மிதிச்சாத்தானே குடிக்கும்? நீ கனவு கண்டுட்டே வந்திருப்பே." மூடியைத் திருகிக்கொண்டே அவள் முணுமுணுத்தாள்: "டர்போ இல்லாததை வாங்கித் தொலைச்சிருக்கலாமில்ல? தினம் வந்திருப்பே."